முற்றத்தில் ஒரு சின்னக் குளம்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று சொல்வார்கள். அந்த நாட்டில் எமது களுதாவளைக் கிராமத்திற்கு இரண்டு பக்கமும் தண்ணீர்தான். கிழக்கே கடல். மேற்கே ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் வெற்றிலைக் கொடியும் மிளகாயும் கத்தரியும் நட்டு நாங்கள் சீவிக்கிறோம்.

எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் வீட்டு வளவில் தொட்டி வைத்துச் செடியும் மீனும் வளர்ப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது மூத்த அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்னகா, கடலும் ஆறும் ரெண்டு பக்கமும் கிடக்கக்குள்ள வளவுக்குள்ளயும் ஒரு குளம் வேணுமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது நியாயமான கேள்விதான். அதற்கான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

எனது வளவில் ஒரு வட்டமான சீமெந்துத் தொட்டி இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த பின்னர் கரையோரக் கிணறுகள் உப்பாகிவிட்டன. கிணற்றை இறைத்தால் நல்ல தண்ணீர் ஊறும் என்று எல்லோரும் இறைத்தோம். அதிகமாக இறைத்தால் அடியில் உள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும், மழை பெய்து மண்ணைக் கழுவும்வரை பொறுத்திருங்கள் என்று பின்னர் வந்த நிபுணர்கள் சொன்னார்கள். அந்த நாட்களில் பவுசரில் வரும் தண்ணீரை ஊற்றி வைக்கக் கட்டிய தொட்டி அது. குழாய்த் தண்ணீர் வந்த பின்னர் அதற்கு வேலை இல்லாமற் போனது. அடியில் துளையிட்டு உலர விட்டிருந்தேன்.

2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் டெங்கு பரவியது. அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். எமது ஒழுங்கையிலும் இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாக வந்து தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைப் பார்த்தார். எனது தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"சேர், இத உடைக்கத்தான் வேணுமா?" என்று கேட்டேன்.

"உடைக்கத் தேவையில்லை அம்மா. ஒன்றில் இப்படியே காயப் போடுங்க, இல்லாட்டித் தண்ணி விட்டு மீன் விடுங்க. சும்மா தண்ணிய மட்டும் விட்டிராதீங்க" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் நின்றது. தண்ணீர் மட்டும் நின்றால் நுளம்பு வரும். தண்ணீருக்குள் செடியும் மீனும் சரியான அளவில் இருந்தால் நுளம்புக்கு இடமில்லை. அந்தச் சரியான அளவு எது என்பதைத்தான் இத்தனை வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்காமல் வந்த மீன்கள்

சில வருடங்களுக்கு முன்னர் எமது பக்கத்தில் ஒரு நிறுவனம் பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று பிளாஸ்ரிக் வாளிகளும் தங்கமீன்களும் கொடுத்தது. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். இரண்டு கிழமைக்குள் பெரும்பாலான மீன்கள் மிதந்துவிட்டன. மீன் செத்த வீடுகளில் பெண்கள் தங்கள் கைராசியை நொந்துகொண்டார்கள்.

குறை கைராசியில் இல்லை. தங்கமீன் அதிகம் தின்னும், அதிகம் கழிக்கும். சின்ன வாளியில் செடியும் இல்லாமல் அதன் கழிவு அமோனியாவாகச் சேர்ந்து மீனையே கொன்றுவிடும். கோடை வெயிலில் வாளித் தண்ணீர் கொதிக்கும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் நிற்காது. எமது தண்ணீர் எப்படிப்பட்டது, வளவில் நிழல் உண்டா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. போருக்குப் பின்னரும் சுனாமிக்குப் பின்னரும் எங்களுக்குக் கிடைத்த பல உதவிகள் இப்படித்தான் இருந்தன. நல்ல மனதோடு தந்திருப்பார்கள். தெரிவு மட்டும் எங்களுடையதாக இருக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, செடியையும் மீனையும் நாங்களே தெரிவு செய்வோம். அதற்கு முதலில் அறிய வேண்டியது எங்கள் தண்ணீரை.

முதலில் தண்ணீர்

எமது மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மாரியில் இனிக்கும் கிணறு, கச்சான் காற்று வீசும் கோடையில் சற்றுக் கரிக்கும். வாயில் விட்டு உப்புத் தெரிகிற தண்ணீர் அல்லிக்கு ஒத்துவராது. இலையின் ஓரம் கருகிவிடும். அப்படியான வீட்டில் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் கலந்து விடலாம். குழாய்த் தண்ணீர் என்றால் அதில் குளோரீன் இருக்கும். திறந்த பாத்திரத்தில் வெயிலில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்துவிட்டுப் பாவிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மணல் நிலத்தில் போடும் உரம் இலகுவில் நிலத்தடி நீருக்குள் இறங்கிவிடும். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டி மணல் நிலத்தில் நைத்திரேற்று கிணறுகளில் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எமது தோட்டக் கிணறுகளும் அப்படியான மண்ணில்தான் இருக்கின்றன. உரச்சத்துள்ள தண்ணீர் தொட்டிக்கு வந்தால் பச்சைப்பாசி பொங்கும். தோட்டத்துக் கிணற்றை விட வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்லது.

புதிதாகச் சீமெந்து பூசிய தொட்டியென்றால் உடனே மீன் விடக்கூடாது. சீமெந்தின் சுண்ணாம்புத்தன்மை தண்ணீரில் இறங்கும். தண்ணீரை நிரப்பி, வாழைக்குற்றியை வெட்டிப் போட்டு ஒரு கிழமை ஊறவிட்டு வெளியே ஊற்ற வேண்டும். இதை மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். எமது மேசன்மாருக்கும் இது தெரிந்த முறைதான். நானும் துளையை அடைத்துப் பூசிய பின்னர் ஒரு மாதம் இப்படியே செய்தேன்.

தொட்டியின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். எனது தொட்டி 4 அடி விட்டம். தண்ணீர் 2 அடி உயரம். கணக்குப் பார்த்தால் 25 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லீற்றர். ஆக 700 லீற்றர் வரும். எத்தனை செடி, எத்தனை மீன் என்பதெல்லாம் இந்த எண்ணில் இருந்துதான் தொடங்குகிறது. ஆழத்தை விட அகலம் முக்கியம். காற்றில் உள்ள ஒட்சிசன் தண்ணீரின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஒடுங்கிய வாய் உள்ள ஆழமான பானையை விட அகன்ற தாழ்வான தொட்டியே மீனுக்குச் சுகம்.

பின்னர் செடி

மீனுக்கு முதல் செடி. இதை மாற்றக்கூடாது. செடி வைத்து ஒரு மாதமாவது போக வேண்டும். அந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியாத நல்ல பக்ரீறியாக்கள் தொட்டிச் சுவரிலும் மண்ணிலும் செடியிலும் குடியேறும். மீனின் கழிவில் இருந்து வரும் அமோனியாவை அவைதான் நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றைச் செடி உணவாக எடுக்கும். மீன் கழிப்பது செடிக்கு, செடி விடும் ஒட்சிசன் மீனுக்கு. இந்த மாதத்தில் வாரம் ஒருமுறை தண்ணீரைப் பார்த்து, நுளம்புக் குடம்பி தெரிந்தால் தேயிலை வடியால் அள்ளி நிலத்தில் ஊற்றிவிடுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை ஏழு முதல் பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். ஆகவே வாரத்தைத் தவறவிடக்கூடாது.

நான் மூன்று வகைச் செடி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

முதலாவது, தண்ணீருக்குள்ளேயே வாழும் வேலம்பாசி. இது பகலில் ஒட்சிசன் விடும். மீன்குஞ்சு ஒளிவதற்கும் இடம். ஐந்து பிடி எடுத்து அடியில் கல் கட்டி இறக்கினேன். குளத்தில் இருந்து கொண்டுவருவதென்றால் நன்றாக அலசி, கொண்டிஸ் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, மீண்டும் கழுவிய பின்னரே தொட்டிக்குள் விட வேண்டும். நத்தை முட்டையும் வேண்டாத பூச்சியும் அதோடு வரும்.

இரண்டாவது, மேலே இலை விரிக்கும் அல்லி. வாய் அகன்ற மண்சட்டியில் வயற் களிமண் போட்டு, கிழங்கை நட்டு, மேலே இரண்டு அங்குலம் ஆற்று மணல் பரப்பினேன். பச்சைச் சாணம் போடக்கூடாது. அது அழுகி ஒட்சிசனைத் தின்றுவிடும். சட்டியை முதலில் செங்கல் அடுக்கி உயரத்தில் வைத்து, இலை வளர வளரக் கல்லை எடுத்துத் தாழ்த்தினேன். அல்லிக்கு நாளொன்றுக்கு ஐந்து ஆறு மணி நேர வெயில் வேண்டும். தென்னை நிழலில் இலை வரும், பூ வராது. தாமரை எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்குப் பெரிய இடம் வேண்டும். எனது தொட்டி அதற்குக் காணாது.

அல்லி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1986ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது எமது குளங்களுக்குரிய நீலோற்பலம். இப்போது பூக்கடைகளிலும் பல குளங்களிலும் காணும் கடும் ஊதா நிற அல்லியும் அதுவே என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளியில் இருந்து வந்த கலப்பின அல்லி என்று பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் எமக்குரியது எமது வளவிலாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று நான் வெளிர் நீலத்தையே தேடி நட்டேன்.

மூன்றாவது, ஓரத்தில் நிற்கும் கீரை. துளையிட்ட பழைய ரின்னில் மண் போட்டு, பாதி தண்ணீரில் நிற்கக்கூடியதாக வல்லாரையும் கங்குனும் வைத்தேன். கங்குன் ஆசைப்பட்டு வளரும். கிழமைக்கு ஒருமுறை வெட்டுகிறோம். தொட்டியில் சேரும் சத்தை அது உறிஞ்சி எடுக்க, நாங்கள் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறோம். வெட்டாமல் விட்டால் அழுகி அந்தச் சத்து தண்ணீருக்கே திரும்பிவிடும். நீரில் வளர்ந்த கீரையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். நன்றாகக் கழுவிச் சுண்டிச் சாப்பிடுங்கள்.

தொட்டியின் மேற்பரப்பில் பாதிக்குச் சற்று மேலே இலை மூடினால் போதும். வெயில் குறைவாகப் பட்டால் பச்சைப்பாசி அடங்கும், கோடையில் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். முழுவதும் மூடிவிட்டால் காற்று உள்ளே போகாது. செடிகள் பகலில் ஒட்சிசன் விட்டாலும் இரவில் அவையும் ஒட்சிசனை எடுக்கும். அதனால்தான் விடியற்காலையில் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். விடியப் போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் செடியோ மீனோ கூடிவிட்டது என்று பொருள். உடனே வாளியில் தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். பிறகு செடியைக் குறையுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது தொட்டிக்கும் பொருந்தும்.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று கிழமை தண்ணீர் பச்சையாகும். பயந்து எல்லாவற்றையும் இறைத்துக் கொட்ட வேண்டாம். கொட்டினால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும். அல்லி இலை விரிய விரியத் தண்ணீர் தெளியும். எனது தொட்டி இரண்டாவது மாதத்தில் அடி தெரியத் தெளிந்தது.

கடைசியாக மீன்

எமது தண்ணீருக்கு ஏற்றது கப்பி. சற்றுக் கரிப்பும் தாங்கும், வெயிலும் தாங்கும், நுளம்புக் குடம்பியை விரும்பித் தின்னும். 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அந்த வருட முடிவிலேயே மன்னாரில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய ஒரு புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது கிணறுகளில் விடப்பட்டவையும் இப்படிக் குடம்பி தின்னும் சிறு மீன்கள்தான். முன்பு எமது ஆச்சிமாரும் கிணற்றுக்குள் இரண்டு மீனை விட்டு வைத்திருப்பார்கள்.

கப்பி முட்டையிடாது, குஞ்சு போடும். நான்கு கிழமைக்கு ஒருமுறை இருபது, முப்பது என்று போடும். ஆகவே முதலில் அதிகம் வாங்க வேண்டாம். 700 லீற்றருக்கு நான்கு ஆணும் எட்டுப் பெண்ணுமாக நான் பன்னிரண்டு மீனே விட்டேன். ஆண் கூடினால் பெண் மீனைத் துரத்தித் துரத்தி ஓயவிடாது. ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்பது நல்ல கணக்கு. இதைக் கூட்டத்தில் சொன்னபோது எழுந்த சிரிப்பை இங்கே எழுத முடியாது!

கிணறு கூடுதலாகக் கரிக்கும் வீடுகளில் மோலி வளர்க்கலாம். சுண்ணாம்பும் உப்பும் கலந்த தண்ணீர் அதற்குப் பிடிக்கும். பாசியையும் மேயும். எமது வாய்க்கால்களிலும் வயல் ஓரங்களிலும் உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் ஒரு சிறு மீன் நீர்மட்டத்திலேயே நீந்தித் திரியும். அதுவும் குடம்பி தின்னும் எமது ஊர் மீன். நான்கு பிடித்து விட்டேன். அது சிறு கப்பிக் குஞ்சுகளையும் பிடிப்பதால் தொகை கட்டுக்குள் நிற்கிறது. துள்ளும் மீன் என்பதால் மேலே வலைத்துண்டு போட்டிருக்கிறேன். மீன்கொத்திக்கும் அது தடை.

விடக்கூடாத மீன்களும் உண்டு. கொய் மீன் இரண்டு அடிவரை வளரும். சின்னத் தொட்டி அதற்குச் சிறை. திலாப்பியா மண்ணைக் கிண்டிச் செடியைக் கிளப்பிவிடும். விரால் மற்றதையெல்லாம் தின்றுவிடும். கடையில் தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று விற்பார்கள். வாங்கும்போது விரலளவு, வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல்.

சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிஞ்சிய சோற்றைக் கொட்டாதீர்கள். வயிறு நிறைந்த மீன் குடம்பியைத் தேடாது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை அள்ளி வெற்றிலைக் கொடிக்கோ மிளகாய்க்கோ ஊற்றுகிறேன். மீன் கழிவு சேர்ந்த தண்ணீர் நல்ல பசளை. ஆனால் தோட்டத்திற்கு மருந்து அடிக்கும் நாளில் தொட்டியைச் சாக்கால் மூடிவிடுங்கள். காற்றில் வரும் சிறு தூறலே மீனுக்குப் போதும். மருந்துத் தாங்கியைத் தொட்டிக்குப் பக்கத்தில் கழுவவே கூடாது.

வாவிக்கு நாம் செய்யும் மரியாதை

தொட்டியில் மிஞ்சும் செடியையும் மீனையும் வாவியிலோ குளத்திலோ விடாதீர்கள். எமது வாவியில் மூடிக் கிடக்கும் ஆற்றுவாழை ஒரு காலத்தில் பூ அழகுக்காக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதுதான். 1909ஆம் ஆண்டிலேயே அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் கொழும்புக்குப் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று எத்தனையோ குளங்களை மூடுகிறது. தோணி தள்ள முடியாமல், வலை வீச முடியாமல் கஷ்டப்படுபவர்கள் எமது மீனவக் குடும்பங்கள்தான். கப்பியும் தென் அமெரிக்காவில் இருந்து வந்த மீன்தான். ஆகவே மாரியில் தொட்டி நிரம்பி வழியாதபடி விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே ஒரு துளை போட்டு, அதற்கு நுண்ணிய வலை கட்டியிருக்கிறேன். 2011 ஜனவரி வெள்ளம் போல வந்தால் எதுவும் நிற்காது. சாதாரண மாரிக்கு இது போதும். மிஞ்சும் செடியை வெயிலில் காயவைத்துப் பசளைக் கிடங்கில் போடலாம்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். தவழும் பிள்ளைக்கு அரை அடித் தண்ணீரும் ஆபத்து. கம்பிவலையில் சட்டம் அடித்து மூடி, மூடியைக் கட்டி வையுங்கள். இதைச் செய்ய முடியாவிட்டால் பிள்ளை வளரும்வரை தொட்டி வேண்டாம். தொட்டியில் மீன் இருக்கிறது என்று சிரட்டை, பூச்சட்டித் தட்டு, பீலி ஆகியவற்றை மறந்துவிடவும் கூடாது. டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். அதன் முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது.

இதில் பணம் வருமா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். நான் கப்பிக் குஞ்சும் அல்லிக் கிழங்கும் விற்கிறேன். அது சீனி, தேயிலைச் செலவுக்கு வரும். குடும்பம் நடத்த வராது. பெரிதாகச் செய்ய விரும்புபவர்கள், அலங்கார மீன் வளர்ப்பையும் கவனிக்கும் நக்டா என்ற அரச அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் முதலில் ஆலோசனை கேளுங்கள். ஆனால் கடன் எடுத்துத் தொட்டி கட்டாதீர்கள். நுண்கடனால் எமது மாவட்டப் பெண்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அது போனது. உடைந்த கிணற்று வளையம், பழைய சீமெந்துத் தொட்டி, பாவிக்காத பெரிய பிளாஸ்ரிக் பரல், இவற்றில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். பூச்சிமருந்து வந்த பரல் மட்டும் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம்.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

எனது மச்சாள் ஒருவர் இருக்கிறார். கடல் வந்த அன்று அவரது ஆறு வயது மகள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதில்லை. ஆற்றங்கரைப் பக்கமும் போகமாட்டார். கோயில் தீர்த்தத்திற்கு ஊரே போனாலும் வீட்டில் இருப்பார். இரவில் மழை பெய்தால் விளக்கைக் கொளுத்திக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பார். எங்களில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்! போரில் இழந்தவர்களுக்கு ஒரு சத்தம், சுனாமியில் இழந்தவர்களுக்கு ஒரு தண்ணீர்.

தொட்டி வைத்த புதிதில் அவர் கிட்ட வரவில்லை. வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். முதல் அல்லி பூத்த நாளில் நான் கூப்பிடவில்லை. அவராக வந்தார். எட்ட நின்று பார்த்தார். பிறகொரு நாள் கிட்ட வந்து, "குஞ்சு போட்டிருக்கு புள்ள, பாசிக்குள்ள ஒளிச்சிருக்கு" என்றார். நான் காணாததை அவர் கண்டிருந்தார்.

இப்போது காலையில் அவர்தான் மீனுக்குச் சாப்பாடு போடுகிறார். அளவு தவறாது. அவர் வளவிலும் ஒரு கிணற்று வளையம் கிடந்தது. சென்ற வருடம் அடி பூசுவித்து, வாழைக்குற்றி போட்டு ஊறவிட்டு, எனது அல்லியில் ஒரு கிழங்கு கொண்டுபோய் நட்டார். மீன் எத்தனை விடுவது என்று கேட்டேன். "ஆறு காணும். மறுகா பாப்பம்" என்றார். இன்னும் கடற்கரைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று நாங்கள் யாரும் சொல்வதும் இல்லை.

கடல் எவ்வளவு வர வேண்டும், ஆறு எவ்வளவு நிற்க வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. இந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், எத்தனை செடி, எத்தனை மீன் என்பதை நாங்களே தீர்மானிக்கிறோம். காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்து, கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டுகிறோம். இரண்டு பக்கமும் தண்ணீர் கிடக்கும் ஊரில் வளவுக்குள்ளும் ஒரு குளம் எதற்கு என்றால், அக்கா, இதற்காகத்தான்.

விருப்பமுள்ள சகோதரிகள் வரும் மாரிக்கு முன் தொட்டியை ஊறப்போடத் தொடங்குங்கள். அல்லிக் கிழங்கு என்னிடம் இருக்கிறது. கப்பிக் குஞ்சும் தாராளமாக இருக்கிறது. குழுக் கூட்டத்திற்கு வரும்போது ஒரு மூடியுள்ள போத்தல் மட்டும் கொண்டு வாருங்கள்.